எந்தக் குறையோடு குடித்தனம் நடத்தலாம்? பழைய பிஎஸ்4-க்கு மூன்று கதை கேம்கள்

2016 நவம்பர் 29-இல் ‘ஃபைனல் ஃபேன்டஸி 15’ வந்தது. சரியாக ஒரு வாரம் கழித்து, டிசம்பர் 6-இல் ‘தி லாஸ்ட் கார்டியன்’. முதலாவதை 2006-இலேயே வேறு பெயரில் அறிவித்துவிட்டு, நடுவில் இயக்குநரையும் மாற்றி, பத்து வருடம் இழுத்தார்கள். இரண்டாவதன் வேலை 2007-இல் தொடங்கியது. 2009-இல் பிளேஸ்டேஷன் 3 (பிஎஸ்3) கன்சோலுக்கான கேம் என்று காட்டினார்கள். வந்து சேர்ந்ததோ அதற்கு அடுத்த பிஎஸ்4-இல். இவற்றோடு 2019 நவம்பர் 8-இல் வெளியான ‘டெத் ஸ்டிராண்டிங்’கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொனாமி என்ற ஜப்பானிய கேம் கம்பெனியை விட்டு வெளியே வந்த இயக்குநர் ஹிடியோ கொஜிமா, சொந்த ஸ்டுடியோ தொடங்கிச் செய்த முதல் கேம் அது. மூன்றும் கண்ணைப் பறிக்கும் அழகு. மூன்றில் எதைப் பற்றிக் கேட்டாலும் விளையாடியவர்கள் “சூப்பர், ஆனா...” என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி என்னிடம் வந்தது கீழக்கரையில் இருக்கும் சாச்சா (சித்தப்பா) மகன், எனக்குத் தம்பி. எங்கள் ஊர்ப்பக்கம் கன்சோல் கடையிலிருந்து வருவதைவிட வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்களின் பெட்டியில் வருவதுதான் அதிகம். அவன் வீட்டு பிஎஸ்4-உம் அப்படி வந்ததுதான். “காக்கா (அண்ணே), கதை உள்ளதா வேணும். ஒரு டிஸ்க்குக்குத்தான் காசு இருக்கு. இந்த மூனையும் பாதிப் பேரு திட்டுறாங்க, பாதிப் பேரு அழுதேன்குறாங்க. எதை நம்புறது?” என்றான்.

இரண்டு தரப்பையும் நம்பலாம். திட்டுகிறவன் சொல்வதும் உண்மை, அழுதவன் சொல்வதும் உண்மை. எதில் குறை கம்மி என்று கணக்குப் பார்த்தால் மூன்றையும் தள்ளிவிட்டு வேறெதையாவது வாங்கவேண்டி வரும். நான் பார்ப்பது வேறு: இந்தக் குறை எங்கிருந்து வந்தது? அழகு பிறந்த இடத்திலேயே பிறந்த குறையா, அவசரத்தில் வெட்டி ஒட்டியதால் வந்ததா, அளவு தெரியாமல் கொட்டியதால் வந்ததா? அதைவிட முக்கியம், அந்தக் குறை நம் வீட்டு ஹாலில் எப்படி உட்காரும் என்பது. தனி அறையில் ஹெட்போனோடு விளையாடுகிற ஆளுக்குச் சொல்லும் பதில், உம்மாவும் ராத்தா (அக்கா) பிள்ளைகளும் சுற்றி இருக்கும் ஹாலில் ஒரே டிவியில் விளையாடுகிறவனுக்குப் பொருந்தாது.

முதலில் தி லாஸ்ட் கார்டியன். இதைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே பேசுவேன்.

கதை சின்னது. உடம்பெல்லாம் அடையாளம் தெரியாத கோலங்களோடு ஒரு சிறுவன் குகைக்குள் கண் விழிக்கிறான். பக்கத்தில் சங்கிலியில் கட்டிப்போட்ட ஒரு பிரம்மாண்டமான மிருகம். பூனை, நாய், பறவை மூன்றும் கலந்தது, பெயர் ட்ரைகோ. உடம்பில் ஈட்டிகள் குத்தி நிற்கின்றன. கிட்டே போனால் உறுமுகிறது, தள்ளிவிடுகிறது. பையன் ஈட்டியைப் பிடுங்குகிறான், பீப்பாயைத் தூக்கிவந்து தீனி வைக்கிறான். இடிந்த கோபுரங்கள் நிறைந்த ஒரு பள்ளத்தாக்கிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து தப்பவேண்டும். இவ்வளவுதான். ‘ஐகோ’, ‘ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்’ இரண்டையும் இயக்கிய ஃபுமிட்டோ உவேடா செய்தது.

குறை என்று எல்லாரும் முதலில் சொல்வது: ட்ரைகோ சொன்ன பேச்சுக் கேட்காது. ஆர்1 பட்டனை அமுக்கினால் பையன் கூப்பிடுவான். அங்கே தாவு, இங்கே வா என்று கை நீட்டிக் காட்டுவான். அது ஒரு தடவை திரும்பிப் பார்க்கும். பிறகு காதைச் சொறியும். வேறு திசையில் இரண்டு அடி வைத்து எதையோ முகர்ந்து பார்க்கும். நமக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். பெருநாளுக்காகச் சந்தையில் வாங்கி வந்த கிடாய் முதல் இரண்டு நாள் கட்டுத்தறியில் எப்படி நடந்துகொள்ளும், அதேதான். இழுத்தால் முரண்டு பிடிக்கும். தீவனத்தை வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தால் மெல்ல வரும்.

இந்தக் குறையை நீக்கிவிட்டு இந்தக் கேமைச் செய்ய முடியாது. உடனுக்குடன் கேட்டிருந்தால் அதை நாம் ஒரு உயிராக நினைத்திருக்கவே மாட்டோம். விளையாட்டின் நடுப்பகுதிக்கு வரும்போது ஒரு மாற்றம் தெரியும். நாம் கூப்பிடும் முன்பே அது தலையை இறக்கும். கவசம் போட்ட காவல் பொம்மைகள் பையனைத் தூக்கிக்கொண்டு நீலக் கதவுகளை நோக்கி ஓடும்போது பாய்ந்து வந்து நொறுக்கும். சண்டை முடிந்த பிறகும் படபடப்பு அடங்காமல் மிதித்துக்கொண்டே நிற்கும். அப்போது அதன் மேல் ஏறி, ரத்தம் படிந்த இறகைத் தடவிக் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும், மூச்சு சீராகும்வரை. கேம் உங்களுக்குப் புள்ளியோ பரிசோ தராது. தடவிக் கொடுக்கிற அந்த நேரத்துக்காகத்தான் நான் இந்தக் கேமை எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

தண்ணீர் உள்ள ஒரு இடம் ஆரம்பத்தில் வரும். ட்ரைகோ கரையில் நின்று முன்னங்காலை நீட்டிப் பார்க்கும், இழுத்துக்கொள்ளும். பையன் குதித்து நீந்திக் காட்டினாலும் வராது. பீப்பாயைத் தண்ணீரில் தள்ளி ஆசை காட்டவேண்டும். கடலோரத்துப் பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை. ராத்தா மகள் டிவிக்கு முன்னால் வந்து நின்று “வா, வா, ஆழமில்ல” என்று அதைக் கூப்பிட்டாள்.

எங்கள் வீடுகளுக்கு இந்தக் கேமில் இன்னொரு பெரிய வசதி இருக்கிறது. இதில் பேசும் மொழி எந்த நாட்டு மொழியும் இல்லை, கேமுக்காகவே உருவாக்கியது. பெரியவனான பிறகு அந்தப் பையன் பழைய கதையை நினைத்துச் சொல்வதுபோல் ஒரு குரல் வரும். கீழே சின்னச் சின்ன சப்டைட்டில். அதனால் ஆங்கிலம் தெரிந்தவன், தெரியாதவன் என்ற பிரிவே ஹாலில் இல்லாமல் போகிறது. கதையில் தொண்ணூறு பங்கு கண்ணால் பார்த்தாலே விளங்கும். மீதியை ஒருவர் படித்துத் தமிழில் சொன்னால் போதும். மற்ற இரண்டு கேமுக்கும் உம்மா ஐந்து நிமிடத்தில் எழுந்து போய்விடுவார். இதற்கு உட்கார்ந்திருப்பார், அது மட்டுமில்லை, “அதுக்குத் தீனி குடுத்தியா?” என்று கேட்பார்.

அதே நேரம், எல்லாக் குறைக்கும் நியாயம் கற்பிக்க நான் தயாரில்லை. கேமரா மோசம், அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. குறுகலான அறைக்குள் ட்ரைகோவும் நாமும் இருந்தால் திரை முழுக்க இறகுதான் தெரியும். சில சமயம் ஒன்றுமே தெரியாமல் கறுத்துப்போகும். பழைய பிஎஸ்4-இல் வெட்டவெளிக் காட்சிகளில் படம் திணறுவது கண்ணுக்குத் தெரியும். பையன் தடுமாறித் தடுமாறி ஓடுவது அழகுதான், ஆனால் விளிம்பில் நின்று தாவவேண்டிய இடத்தில் அதே தடுமாற்றம் உயிரை எடுக்கும். எந்தப் பட்டனை அமுக்குவது என்ற குறிப்பு, கதை பாதி கடந்த பிறகும் திரையில் வந்துகொண்டிருப்பது எரிச்சல். ஒன்பது வருடம் கைமாறிய வேலை என்பது இந்த இடங்களில் பல்லிளிக்கிறது.

அடுத்தது ஃபைனல் ஃபேன்டஸி 15. இதன் அழகு வேறு மாதிரி, குறையும் வேறு மாதிரி.

நாக்டிஸ் என்ற இளவரசன் தன் கல்யாணத்துக்குப் புறப்படுகிறான். கூட மூன்று தோழர்கள்: உடம்பை வளர்த்த கிளாடியோ, சமையலும் புத்தியுமாக இக்னிஸ், போட்டோ எடுத்துக்கொண்டே இருக்கும் பிராம்ப்டோ. ஆரம்பத்திலேயே கார் நின்றுபோய், நாலு பேரும் வெயிலில் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். அங்கேயே நமக்குப் பிடித்துவிடும். ராத்திரியில் பேய்கள் நடமாடுவதால் பொழுது சாய்ந்தால் கூடாரம் போட்டுத்தான் ஆகவேண்டும். இக்னிஸ் அடுப்பு மூட்டுவான். அன்றைக்குச் சம்பாதித்த அனுபவப் புள்ளிகள் தூங்கும்போதுதான் கணக்கில் ஏறும். பிராம்ப்டோ அன்று எடுத்த படங்களை எல்லாரும் சேர்ந்து பார்ப்பார்கள். பிடித்ததை நாம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். அந்தப் படங்களை மதித்துச் சேர்த்து வையுங்கள். ஏன் என்று சொன்னால் முடிவைச் சொன்னதாகிவிடும்.

நாக்டிஸுக்கு மீன்பிடிப்பது பொழுதுபோக்கு. கால்டின் கீ என்ற கடற்கரை ஊரில் தூண்டில் போட உட்கார்ந்தால் மணிக்கணக்கில் போய்விடும். மீன் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் கன்ட்ரோலர் குச்சியைச் சாய்க்கவேண்டும். அது ஓய்கிறபோது மட்டும் ஆர்2 அமுக்கிச் சுற்றவேண்டும். விடாமல் சுற்றினால் தூண்டில் நரம்பின் பலம் குறைந்துகொண்டே வந்து அறுந்துபோகும். பாம்பனில் விசைப்படகுக்குப் போகிற நண்பன் ஒருவன், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் இந்தக் கேமைத்தான் விளையாடினான். கதையில் என்ன நடக்கிறது என்று அவனுக்கு அக்கறையே இல்லை. “விட்டுப் பிடிக்கிறதுன்னா என்னன்னு இதைச் செஞ்சவனுக்குத் தெரிஞ்சிருக்கு” என்றான். அதைவிட நல்ல விமர்சனம் நான் கேட்டதில்லை.

குறைக்கு வருவோம். இந்தக் கேமின் கதை துண்டு துண்டாக வெளியே கிடக்கிறது. இளவரசனின் தலைநகரம் விழுவதுதான் கதையின் அடித்தளம். அது கேமுக்குள் நடப்பதில்லை. தனியாக வந்த அனிமேஷன் படத்தில் நடக்கிறது. கேமில் நமக்குக் கிடைப்பது செய்தி மட்டும். மணப்பெண் லூனாவுக்காக உருகவேண்டிய நேரத்தில், இவளோடு நாம் பழகவே இல்லையே என்றுதான் தோன்றும். அல்டிசியா என்ற நீர் நகரத்தில் வரும் ஒன்பதாவது அத்தியாயம்வரை கை வீசி நடந்த உலகம், அதற்குப் பிறகு ரயில் பெட்டிக்குள் சுருங்கிவிடும். பதின்மூன்றாவது அத்தியாயத்தின் நீண்ட நடைபாதைகளை ஆட்கள் திட்டிய திட்டில், 2017 மார்ச்சில் அப்டேட் விட்டு வேறொரு வழியைச் சேர்த்தார்கள். விட்ட கதையை இட்டு நிரப்ப, தனியாகக் காசு கொடுத்து டவுன்லோட் செய்யும் கூடுதல் எபிசோடுகள் வந்தன. கடைசியாக அறிவித்த நான்கில் மூன்றை 2018 நவம்பரில் கைவிட்டுவிட்டார்கள்.

இது ட்ரைகோவின் முரண்டு போன்ற குறை இல்லை. இருக்கவேண்டியது இல்லாமல் போனது. எவ்வளவு பொறுமையாக விளையாடினாலும் இல்லாதது வராது. ஆனாலும் நான் இதைத் தள்ளமாட்டேன். நாலு பேர் காரில் போகிற அந்த முதல் பாதி, அரைகுறைக் கதைக்கு நடுவிலும் தன்னளவில் நிறைந்திருக்கிறது. முடிவில் அழுகை வருவது இளவரசனின் ராஜ்யத்துக்காக இல்லை, இந்த நாலு பேருக்காக. ஹாலில் வைத்து விளையாட மட்டும் யோசிக்கவேண்டும்: கார் மெக்கானிக் சின்டியைக் கேமரா காட்டும் விதம் பெரியவர்கள் முன்னால் தர்மசங்கடம். அது கதைக்கும் உதவவில்லை, அந்தப் பாத்திரத்துக்கும் மரியாதை இல்லை.

டெத் ஸ்டிராண்டிங்கைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். அது தாழ்வு என்பதால் இல்லை. தம்பி கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை, அதனால்தான். சிதறிப்போன அமெரிக்காவில் சாம் என்பவன் முதுகில் சுமையைக் கட்டிக்கொண்டு ஊருக்கு ஊர் நடக்கிறான். துண்டு துண்டான ஊர்களை மறுபடி இணைக்கிறான். எல்2, ஆர்2 இரண்டையும் பிடித்துச் சுமையின் சாய்வைச் சரிக்கட்டி, கல்லிலும் ஆற்றிலும் கால் வைக்கவேண்டும். மழை பட்டால் பொருள் எல்லாம் மூப்படைந்து துருப்பிடிக்கும். நெட் இருந்தால், முகம் தெரியாத வேறொரு ஆட்டக்காரர் போட்டுவைத்த ஏணியோ பாலமோ நம் வழியில் நிற்கும். 1964 டிசம்பர் புயலில் பாம்பன் பாலம் உடைந்து தீவு துண்டானதையும், ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாளில் அது சீராகி மறுபடி ரயில் போனதையும் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆற்றின் நடுவில் யாரோ விட்டுப்போன ஏணியைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே நெஞ்சு அடைத்தது.

ஆனால் பேச்சு, அப்படியொரு பேச்சு. ஒரே விஷயத்தை ஒருவர் நேரில் சொல்வார், இன்னொருவர் அழைத்துச் சொல்வார், பிறகு அதுவே மெயிலிலும் வரும். எல்லாம் ஆங்கிலத்தில், அதுவும் அவர்களே உண்டாக்கிய கலைச்சொற்களில். கடைசிப் பகுதியில் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அளவு தெரியாமல் கொட்டிய குறை இது. தனியாக, ராத்திரியில், அவசரமில்லாமல் விளையாடுகிறவருக்கு மூன்றிலும் இதுவே மேல் என்றுகூடச் சொல்வேன். ஐரோப்பிய வயதுச் சான்றைப் பார்த்தாலே விளங்கும்: லாஸ்ட் கார்டியனுக்கு 12, ஃபைனல் ஃபேன்டஸிக்கு 16, இதற்கு 18. பிள்ளைகள் ஓடி விளையாடும் ஹாலுக்கு இது ஆகாது.

தம்பி நாலாவதாக ‘தி ஆர்டர்: 1886’ என்றும் ஒரு பேரை எடுத்தான். 2015-இல் வந்தது. பழைய லண்டன் அவ்வளவு தத்ரூபமாக இருக்கும். அழகு மட்டும் தனியாக நிற்கிறது, கதை பாதியில் நின்றுவிடுகிறது, அதன் மிச்சம் வரவே இல்லை. ஒரே ஒரு டிஸ்க் வாங்கப் போகிறவனுக்கு வேண்டாம்.

ஆக அவனுக்கு என் பதில் லாஸ்ட் கார்டியன். கூட்டாளிகள் வந்து உட்காரும் வீடாக இருந்திருந்தால் ஃபைனல் ஃபேன்டஸி என்றிருப்பேன். தனி அறையும் பொறுமையும் உள்ளவனாக இருந்திருந்தால் டெத் ஸ்டிராண்டிங். அவன் வீடு நிறைய ஆட்கள். குறை தெரியும் இடங்களில் எல்லாரும் சேர்ந்து கத்துவார்கள், அழகு வரும் இடங்களில் எல்லாரும் சேர்ந்து வாயடைத்துப் போவார்கள். வேறெந்தக் கேமும் அந்த ஹாலுக்கு அதைத் தராது.

வாங்கியபின் சில விஷயம். ட்ரைகோவுக்கு ஒரு கட்டளை கொடுத்தால் கையை எடுத்துவிடுங்கள். பட்டனைப் போட்டுக் குத்தக் குத்த அது குழம்பும், தாமதம் கூடும். கேமரா மாட்டிக்கொண்டால் பையனை இரண்டடி நகர்த்தினாலே பெரும்பாலும் வழி தெரியும். அறைக்கு உள்ளே போனதும் முதலில் மேலே பாருங்கள்; வழி பெரும்பாலும் ட்ரைகோவின் உயரத்தில்தான் இருக்கும். ஒரே மூச்சில் முடிக்க நினைக்காதீர்கள். எரிச்சல் வந்தால் அன்றைக்கு அணைத்துவிடுவது நல்லது.

டிஸ்க் எந்த நாட்டுடையதானாலும் பிஎஸ்4-இல் ஓடும். ஆனால் துபாய் டிஸ்க்கை வைத்துக்கொண்டு இந்தியாவில் தொடங்கிய பிளேஸ்டேஷன் அக்கவுண்டில் கூடுதல் எபிசோடு வாங்கினால் சேராமல் போகலாம். ஃபைனல் ஃபேன்டஸியில் இது தலைவலி; அதை வாங்குகிறவர்கள் அதுவரை வந்த எபிசோடுகளும் சேர்ந்து 2018-இல் வந்த ராயல் எடிஷனாகப் பாருங்கள், எபிசோடுகள் டிஸ்க்கிலேயே உண்டா, டவுன்லோட் கோடாக வருமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். லாஸ்ட் கார்டியனில் இந்தத் தொல்லை இல்லை. நாளைக்குப் பிஎஸ்5 வீட்டுக்கு வந்தால் அந்த டிஸ்க்கை விற்றுவிடாதீர்கள்: நெட்டைத் துண்டித்து, அப்டேட் எதுவும் போடாமல் டிஸ்க்கில் உள்ளபடியே ஓடவிட்டால் அதில் படம் நொடிக்கு 60 ஃபிரேமில் ஓடும். மேலே சொன்ன திணறல் அங்கே காணாமல் போகும். டிஸ்க் போட இடமில்லாத பிஎஸ்5-இல் இது நடக்காது.

கன்சோலுக்கும் ஒரு வார்த்தை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் உப்புக்காற்று எச்டிஎம்ஐ துளையில் பச்சைக் களிம்பாக ஏறும். அணைத்து ஆறிய பிறகு துணி போட்டு மூடுங்கள், ஓடும்போது மூடாதீர்கள். ஜன்னலுக்குக் கீழே வைக்கவே வேண்டாம். பழைய பிஎஸ்4-இன் ஃபேன் சத்தம் போட ஆரம்பித்திருந்தால் முதலில் தூசு எடுங்கள். ட்ரைகோ மூச்சுவிடும் சத்தமும் இறகு உரசும் சத்தமும் காதில் விழாவிட்டால் இந்தக் கேமில் பாதி போய்விடும்.